கவசம் பூண்ட புத்தகம்

சண்டை என்றால் அறவே ஆகாது, தெருநாய் உறுமினால்கூட எதிர்ச்சாரிக்கு ஒதுங்கி நடப்பார் என்று பெயர் எடுத்த பரம சாதுக்களில் ஒரு சாராருக்கு, ஜப்பான் தேசத்து ஸாமுராய் வீரர்கள் பூண்ட கவசங்களின்மீது எப்படியோ ஓர் அடங்காத மோகம் பிறந்துவிடுகிறது. இந்த வர்க்கத்தார் டோக்கியோவில் உண்டு, நியூயார்க்கில் உண்டு. லண்டனிலோ இவர்களுக்குப் பூர்வீக பாத்தியதையே உண்டு. 1613-ஆம் ஆண்டில் டோக்குகாவா ஹிடேடாடா என்ற ஷோகுன், இங்கிலாந்தின் முதலாம் ஜேம்ஸ் மன்னருக்கு இரண்டு கவசங்களைப் பரிசாக அளித்தார். அவற்றுள் ஒன்றை லண்டன் கோபுரத்தில் வெகுகாலம் முகலாயச் சக்கரவர்த்தியின் கவசம் என்றே சொல்லி வந்தார்கள். இந்தப் பிழையை எடுத்துரைக்கும்போதெல்லாம், தம் சொந்தப் பாட்டனாரை யாரோ ஆள்மாறாட்டம் செய்துவிட்டதுபோல நம் லண்டன் ரசிகரின் குரல் தழுதழுக்கும்.

இத்தகையவரின் வீட்டுக்குக் கவசங்களைப் பற்றிய புதிய நூலொன்று தபாலில் வந்து சேர்வது சாமானிய வைபவமன்று. கைகளை இருமுறை கழுவி, மேஜைமீது வெள்ளைத் துணி விரித்து, கட்டைப் பிரித்ததும் அவர் முதலில் புரட்டுவது கடைசிப் பக்கத்தை. ஆதார நூல்களின் பட்டியலில் தம்மிடம் உள்ளவையெல்லாம் இடம்பெற்றிருப்பதைக் கண்டு திருப்தியடைந்த பிறகே படங்களுக்கு வருவார். உறுமும் இரும்பு முகமூடியையும், தலைச்சீராவின் நெற்றியில் நிமிர்ந்து நிற்கும் கொம்புகளையும் கண்டு நாம் வாய் பிளப்போம். அவரோ, சந்தையில் மாடு பிடிப்பவன் கொம்பழகில் மயங்காமல் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோல, “சீராவின் உட்புறத்தைக் காட்டினார்களா?” என்றுதான் தேடுவார். தகடுகள் 62 என்று படத்தின் கீழ் அச்சாகியிருந்தால், பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொன்றாக எண்ணுவார்; கணக்குச் சரியாக இருந்துவிட்டால் முகம் சற்று வாடும்.

இவர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு நூலைப் பாராட்டும் முறையே அலாதி. “அற்புதமான பிரசுரம்!” என்று ஒருவர் தொடங்க, மற்ற மூவரும் அதன் குறைகளை ஒரு மணி நேரம் அடுக்கி அந்த அபிப்பிராயத்தை ஊர்ஜிதம் செய்வார்கள். கவசத் தகடுகளைப் பட்டுக் கயிற்றால் இடைவெளியின்றி நெருக்கிக் கோப்பது ‘கெபிகி’, இரண்டிரண்டு இழைகளாக இடம்விட்டுக் கோப்பது ‘சுகாகே’; ஒன்றின் பெயரை மற்றொன்றுக்கு வைத்த ஆசிரியரை இவர்கள் ஏழு பிறவிக்கும் மன்னிப்பதில்லை. சகாகிபாரா கோஸான் என்ற ஜப்பானியர் எழுதி 1800-இல் வெளிவந்து, பிற்பாடு ஆங்கிலமான நூல்தான் இவர்களுக்கு வேதம். நெருக்கிக் கோத்த கயிறு மழையில் ஊறினால் கனக்கும், பனியில் உறையும், நாளடைவில் நாறி எறும்புக்கும் பேனுக்கும் இருப்பிடமாகும் என்று அந்த மகான் எழுதியிருப்பதை, தேநீருக்கும் கேக்குக்கும் நடுவில் இவர்கள் ரஸித்துப் பேசுவதைக் கேட்டால், பேன் என்பது ஏதோ ஜப்பானிய ரத்தின வகை என்றே அந்நியர் நினைப்பார்.

தேநீர் என்றேன், அது புத்தகத்துக்கு மூன்று கஜ தூரத்துக்குள் வரக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். நூலுக்கு மெழுகுத்தாள் உறை, அதன்மேல் அட்டைக்கூடு, அதன்மேல் துணிப்பை, அதையும் உள்ளடக்கிய பூட்டிய பெட்டி. போர்க்களத்துக்குப் புறப்பட்ட எந்த ஸாமுராயும் இத்தனை பந்தோபஸ்தோடு போயிருக்கமாட்டார்.

இத்தனை அரண்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் வீழ்ந்தன. முகமூடியின் அடியில் கழுத்தைக் காப்பதற்காகத் தொங்கும் தகட்டுக்கு ‘யோதாரேககே’ என்று பெயர். குழந்தையின் வாய்நீர் சட்டையில் வழியாமல் கட்டும் துணி என்பதே அதன் பொருள். இதை நண்பர்களுக்கு வியாக்கியானம் செய்யும் உற்சாகத்தில் அவர் நூலைத் திறந்தபடி வைத்துவிட்டு எழுந்தார். பத்து மாதப் பேரன் தவழ்ந்து வந்து, மேஜைத் துணியைப் பற்றி எழுந்து நின்று, அந்தப் படத்தின்மீதே அமைதியாக வாய்நீர் வடித்தான்.

“இதற்குத்தான் அவனுக்கு ஒன்று கட்டிவையுங்கள் என்று காலையிலிருந்து சொல்கிறேன்” என்றார் வீட்டு அம்மாள்.