இருபது வயது தாண்டிய காடியை ஒப்படைப்பது தொடர்பாக

பெறுநர்:
முதலீட்டு, வாணிப, தொழில்துறை அமைச்சு,
கோலாலம்பூர்.

மதிப்புமிகு அமைச்சுக்கு,

20 ஆண்டுக்கு மேல் ஓடிய காடியை ஒப்படைத்துவிட்டுப் புதிதாக ஒரு புரோட்டோனோ பெரோடுவாவோ வாங்குகிறவர்களுக்கு 4,000 ரிங்கிட் வரை கிடைக்கும் என்று 2026ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அறிவிப்பு வந்தது. மஸ்ஜித் இந்தியாவில் துணிக்கடைக்குச் சரக்கு இழுக்கும் என்னுடைய புரோட்டோன் இஸ்வாரா 1996இல் பதிவானது. ஆகவே நானும் தகுதியானவன்தான் என்று மகிழ்ந்து, விண்ணப்பிக்கும் முன் எதை ஒப்படைக்கிறோம் என்று பார்த்துவிடுவோமே என ஞாயிற்றுக்கிழமை காடிக்கடியில் போய்ப் படுத்தேன்.

அங்கேதான் சிக்கல். காடிக்குள் 20 வயதான சாமான் அதிகம் அகப்படவில்லை.

பொய்த்தகவல் தருவது குற்றம் என்று எல்லாப் படிவத்தின் அடியிலும் போட்டிருப்பீர்கள். அதனால் உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். எஞ்சினிலிருந்து தொடங்குவோம். ஆலையிலிருந்து வந்தது கார்புரேட்டர் வைத்த 1.3 லிட்டர் எஞ்சின். அது பெட்ரோலைவிட எண்ணெயை அதிகம் குடிக்கத் தொடங்கியதும், கிள்ளானில் காப்பார் சாலைப் பக்கம் ஹாஃப்கட் கடைக்குப் போய், ஜப்பானிலிருந்து வெட்டிக் கொண்டுவந்த ஒரு மிட்சுபிஷி லான்சரின் முன்பாதியைத் தட்டிப் பார்த்து, கடைக்காரத் தவுக்கேயோடு பேரம் பேசி, எஞ்சினை மட்டும் வாங்கி வந்தோம். சாலைப் போக்குவரத்துத் துறையான ஜே.பி.ஜே.யில் அனுமதி கேட்டு, கிரான் எனும் பதிவுப் புத்தகத்திலும் புது எஞ்சினின் வரிசை எண் ஏறியாயிற்று. இந்த எஞ்சினுக்கு இப்போது என்ன வயது? ஜப்பானில் ஓடிய காலத்தையும் கூட்ட வேண்டுமா, போர்ட் கிள்ளானில் இறங்கிய நாளிலிருந்து எண்ண வேண்டுமா? உங்கள் அதிகாரிகள்தான் விளக்க வேண்டும்.

அந்நியச் சரக்கு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். 1985இல் வந்த புரோட்டோனின் முதல் சாகாவே லான்சர் ஃபியோரேயின் உடம்பை எடுத்துச் செய்ததுதான். என் காடிக்கு வந்த லான்சர் எஞ்சின் தாய்வீட்டுச் சீர்.

ரேடியேட்டர் போன ஆண்டு போட்டது. அப்சோர்பர், லோவர் ஆர்ம் புஷ், டை ராட் எண்ட் எல்லாம் நானும் என் மைத்துனரும் செந்தூலில் எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே ஜாக்கி போட்டு மாற்றியவை. புஷ்ஷை அழுத்தி ஏற்ற மட்டும் பட்டறைக்குப் போக வேண்டியிருந்தது. அந்த அழுத்துப் பொறியை வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது, வைத்தால் வீட்டுக்காரம்மா இருக்கமாட்டார். டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, பிளக் வயர், ஆல்டர்னேட்டருக்குள் கார்பன் பிரஷ், ஜன்னல் மோட்டார் எல்லாமே அவ்வப்போது சான் சவ் லின் சாலைக்குப் போய்ப் பழையதைக் காட்டி, அதே போல் ஒன்று என்று கேட்டு வாங்கியவை. வலது முன்கதவு வேறொரு இஸ்வாராவுடையது. நிறம் ஒத்துப்போனது, அதற்கு மேல் கேட்காதீர்கள்.

ஆக, 1996இலிருந்து இருப்பவை சேசிஸ் எண், கூரை, பின் இருக்கை, டேஷ்போர்டு, அதிலுள்ள வெடிப்பு. 4,000 ரிங்கிட்டை இவற்றுக்கு மட்டும் விகிதம் போட்டுத் தந்தாலும் எனக்குச் சம்மதமே.

வயதை எங்கிருந்து எண்ணுவது என்பது எங்கள் மஸ்ஜித் இந்தியா தெருவுக்குப் புதிய கேள்வி அல்ல. தெருவுக்குப் பெயர் கொடுத்த பள்ளிவாசலை 1863இல் வந்தது என்கிறோம். இன்று நிற்கும் கட்டடம் 1960களில் எடுத்துக் கட்டியது. இருந்தாலும் 1863 என்று சொல்லும்போது எங்களுக்குத் தலை நிமிர்கிறது. அந்த ஆண்டைச் சொல்லி யாரும் 4,000 ரிங்கிட் நீட்டியதில்லை. காடிக்கு மட்டும் பதிவுப் புத்தகத்தில் உள்ள ஆண்டே சகலமும் என்கிறீர்கள். வாதத்துக்கு அதையே எடுத்துக்கொள்வோம். ஷா ஆலாமில் செய்த முதல் சாகா தேசிய அருங்காட்சியகமான முஸியம் நெகாராவில் இருக்கிறது. அன்றைய பிரதமர் மகாதீர் பினாங்குப் பாலத்தைத் திறந்த ஆண்டில் அதன் மேல் ஓட்டிப்போனதும் ஒரு சாகாதான். என் இஸ்வாரா அந்த வம்சத்தில் பதினொரு ஆண்டு இளையது. மூத்தது அரும்பொருள், இளையது பெசி பூரோக் எனும் பழைய இரும்பு. நடுவில் எந்த ஆண்டில் கோடு கிழித்தீர்கள் என்று தெரிந்தால், கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளி நிறுத்திக்கொள்வேன்.

கோடு கிழிப்பதில் உங்களுக்கு அனுபவம் உண்டு என்பதை மறக்கவில்லை. 2009 அக்டோபர் 28ஆம் தேதி திருத்திய தேசிய வாகனக் கொள்கையை வெளியிட்டீர்கள். 15 வயதான காடி ஆண்டுதோறும் சோதனையில் தேறினால்தான் ரோட்டெக்ஸ் என்றீர்கள். நாடே கொதித்தது. நவம்பர் முதல் பாதிக்குள் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டீர்கள். 15 ஆண்டு ஓடிய காடிகளுக்காகப் போட்ட விதி 15 நாள் ஓடவில்லை. பழைய உதிரிபாக இறக்குமதிக்கு 2011 ஜூனிலிருந்து தடை என்றும் அதே கொள்கையில் இருந்தது. அந்த ஜூன் வந்தது, போனது. காப்பார் சாலையில் முன்பாதிகள் இன்றும் வரிசை கட்டி நிற்கின்றன. நல்லவேளை.

அதே 2009இல், மார்ச் மாதப் பொருளாதார ஊக்கத் திட்டத்தில், 10 வயதான காடியை நசுக்கக் கொடுத்து உள்நாட்டுக் காடி வாங்கினால் 5,000 ரிங்கிட் தள்ளுபடி என்று அரசு அறிவித்ததும் நினைவிருக்கிறது. காடிக் கடனை ஒன்பது ஆண்டுக்கு எடுக்கும் ஊர் இது. கடைசித் தவணையைக் கட்டி, வங்கி தன் பெயரை எடுத்து, இனி இந்தக் காடி முழுக்க நம்முடையது என்று ஒருவர் மூச்சு விட்டால், அடுத்த ஆண்டே அது நசுக்கத் தகுதி பெற்றுவிடும்! சொந்தக்காரராக இருக்க அவருக்கு ஓராண்டு கொடுத்தீர்கள். இன்னொரு கணக்கும் இடிக்கிறது. அன்று 10 வயதுக் காடிக்கு 5,000. இன்று 20 வயதுக் காடிக்கு 4,000. பத்தாண்டு கூடுதலாகக் காடியைக் கட்டிக் காத்தவனுக்கு ஆயிரம் ரிங்கிட் அபராதம் போட்டிருக்கிறீர்கள் என்றுதான் நாங்கள் புரிந்துகொள்கிறோம். திட்டத்துக்கு ஒதுக்கியது ஒரு கோடி ரிங்கிட். எப்படி வகுத்தாலும் சில ஆயிரம் காடிகளோடு தீர்ந்துவிடும். செந்தூலில் எங்கள் வட்டாரத்து நிறுத்துமிடங்களைச் சுற்றி வந்தாலே அதில் ஒரு பங்கு தேறிவிடும் என்பது என் மதிப்பு.

வயதான காடி ஆபத்து என்கிறீர்கள். நான் மறுக்கவில்லை. என் காடியில் காற்றுப்பை கிடையாது, ஏ.பி.எஸ். கிடையாது. இதற்கு ஸ்பேனர் பதில் சொல்லாது. இருபது வயது மகளை முன் இருக்கையில் உட்காரவைத்து நெடுஞ்சாலையில் போகும்போது எனக்கு அது உறுத்துகிறது. உங்கள் தரப்பில் உண்மையான நியாயம் இது ஒன்றுதான், ஆனால் இதை நீங்கள் மெல்லத்தான் சொல்கிறீர்கள். விற்பனை எண்ணிக்கையைத்தான் சத்தமாகச் சொல்கிறீர்கள்.

மற்றபடி, காடி மொத்தமாக மூப்படைவதில்லை. சாமான் சாமானாகத்தான் மூப்படைகிறது. தாயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்கம் பொறித்திருக்கும். முதல் இரண்டு செய்த வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 0818 என்று இருந்தால் 2018இன் எட்டாவது வாரம். மூன்று வயதுக் காடியில் எட்டு வயதுத் தாயரை மாட்டிக்கொண்டு போகிறவரை உங்கள் திட்டம் கண்டுகொள்ளாது. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றாவிட்டால், கெந்திங் மலையிறக்கத்தில் சூடேறும்போது அந்த ஈரம் ஆவியாகி, மிதி அடிவரை இறங்கிப்போகும். அந்த மிதிக்குக் காடியின் வயது தெரியாது. கிரானைப் பார்த்து வயது சொல்லும் உங்கள் அதிகாரியைவிட, மூடியைத் திறந்து எண்ணெயின் நிறத்தைப் பார்க்கும் என் மைத்துனர் மேல் எனக்கு நம்பிக்கை அதிகம்.

எங்கள் தரப்பையும் விட்டுவைக்கப் போவதில்லை. நெரிசலில் எஞ்சின் சூடானால், தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசு, நீ என்ன குளிர்நாட்டிலா இருக்கிறாய் என்று சொல்லும் பட்டறைப் போர்மேன்கள் கிள்ளான் பள்ளத்தாக்கு முழுக்க இருக்கிறார்கள். கழற்றினால் எஞ்சின் உரிய சூட்டுக்கே வராமல் பெட்ரோலைத் தின்னும், உள்ளே கரி படியும். கோளாறு பெரும்பாலும் விசிறி மோட்டாரிலோ அடைத்துக்கொண்ட ரேடியேட்டரிலோ இருக்கும். கூலன்ட் வாங்கக் காசு பார்த்துக் குழாய்த் தண்ணீரை ஊற்றி, உள்ளே துரு ஏற்றியதும் நாமாகத்தான் இருப்போம். வடித்த எஞ்சின் ஆயிலைக் இரவோடு இரவாகச் சாக்கடையில் ஊற்றும் மகான்களும் உண்டு. அது சட்டப்படி அட்டவணைக் கழிவு, குறியீடு எஸ்.டபிள்யூ. 305. டப்பாவில் பிடித்துப் பட்டறையில் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள். அமைச்சுக்கு ஒரு யோசனை: எங்களை மாதிரி ஞாயிற்றுக்கிழமைப் போர்மேன்களுக்கு அடுக்குமாடிகளின் கீழ் ஓர் எண்ணெய்த் தொட்டியும், எண்ணெய் சிந்தாத ஒரு மூலையும் ஒதுக்கிக் கொடுங்கள். இப்போது இருப்பது காடி பழுது பார்க்கத் தடை என்ற பலகை ஒன்றுதான். அதன் கீழேதான் நாங்கள் ஜாக்கி போடுகிறோம். நிழல் அங்கேதான் விழுகிறது.

உலகத்தில் மற்றவர்கள் பழைய காடியை என்ன செய்கிறார்கள் என்று பார்த்தேன். ஜப்பானில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஷாக்கென் சோதனை. வயது ஏற ஏறச் செலவும் ஏறுகிறது. அலுத்துப்போய்த் தள்ளிவிடுகிறார்கள். அப்படித் தள்ளிவிட்டதன் முன்பாதிதான் எனக்கு எஞ்சின். சிங்கப்பூரில் வாகன உரிமைச் சான்றிதழ் 10 ஆண்டு. புதுப்பிக்க இன்னொரு காடிக்கான பணம் வேண்டும். டெல்லியில் 2025 ஜூலை 1 முதல் 10 வயது டீசல் வண்டிக்கும் 15 வயது பெட்ரோல் வண்டிக்கும் எண்ணெய் ஊற்றாதே என்றார்கள். ஒரு வாரத்திலேயே தள்ளிவைத்தார்கள். உங்கள் 15 நாள் சாதனையை முறியடித்துவிட்டார்கள் என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

அடுத்து எழுதுவதில் கேலி இல்லை. 2024 ஆகஸ்ட் 23ஆம் தேதி எங்கள் தெருவில் நடைபாதை உள்ளே போனது. நடந்துகொண்டிருந்த ஓர் இந்தியப் பெண்மணி எட்டு மீட்டர் பள்ளத்தில் விழுந்தார். ஒன்பது நாள் தேடியும் அவர் கிடைக்கவில்லை. கடைகள் வெறிச்சோடின, தீபாவளிச் சரக்கு கட்டுப் பிரிக்காமல் கிடந்தது. தெரு உங்கள் அமைச்சின் பொறுப்பில் வராது என்பது தெரியும். இருந்தாலும் காடியின் வயதைப் பதிவேட்டில் தேடி எடுக்கத் தெரிந்த ஓர் அரசாங்கத்திடம், தரைக்கடியில் ஓடும் குழாய்க்கு என்ன வயது, அதை எப்போது மாற்றப் போகிறார்கள் என்று மஸ்ஜித் இந்தியாவில் வியாபாரம் செய்கிறவன் கேட்காமல் வேறு யார் கேட்பார்கள்? 20 ஆண்டு தாண்டிய குழாயை ஒப்படைத்தால் எவ்வளவு தருவீர்கள்?

இனி விண்ணப்பத்துக்கு வருகிறேன். பெரோடுவாவின் மிக மலிவான அக்ஸியா 2023இல் 22,000 ரிங்கிட்டுக்கு வந்தது. உங்கள் 4,000ஐக் கழித்தால் 18,000. அதற்கு ஒன்பது ஆண்டுக் கடன் எடுத்தால் அது முடியும்போது எனக்கு 67 வயது ஆகியிருக்கும். என்னை ஒப்படைத்தால் என்ன கிடைக்கும் என்று எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை. எல் ஆர் டி ஏறி மஸ்ஜித் ஜாமெக்கில் இறங்கலாமே என்பீர்கள். இறங்கலாம், ஆறு கட்டுப் புடவையையும் இரண்டு மூட்டை வேட்டியையும் தோளில் போட்டுக்கொண்டு ஏறும் வித்தையை உங்கள் அதிகாரி ஒருவர் செய்து காட்டினால் நானும் பழகிக்கொள்கிறேன்.

இவ்வளவுக்கும் பிறகு, அமைச்சு கட்டாயம் கேட்டால் காடியைக் கொடுக்கத் தயார். ஒரேயொரு நிபந்தனை. ஒப்படைக்கும் இடத்தில் எனக்கும் என் மைத்துனருக்கும் அரை நாள் அவகாசம் வேண்டும். 20 வயது ஆகாதவை உங்கள் திட்டத்தில் வராதல்லவா, அவற்றைக் கழற்றிக்கொள்கிறோம்: ரேடியேட்டர், பேட்டரி, நான்கு அப்சோர்பர், தாயர்கள், ஆல்டர்னேட்டர், பிளக் வயர், எஞ்சினின் வயது பற்றி நீங்கள் தீர்ப்புச் சொல்லும் வரை எஞ்சின், அந்த வலது முன்கதவு. மிச்சத்தைத் தூக்கிப்போக நான்கு ஆள் போதும், லாரி வேண்டாம்.

இப்படிக்கு,
இஸ்வாரா உரிமையாளர் ஒருவன்,
ஜாலான் மஸ்ஜித் இந்தியா, கோலாலம்பூர்.

பி.கு.: 12 மில்லிமீட்டர் ஸ்பேனர் ஒன்று கொண்டுவந்து வைத்திருங்கள். என்னுடையதைப் பக்கத்துக் கடைக்காரர் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். அவருடைய கஞ்சில் காடிக்குப் புதுப் பிரேக் ஷூ போடுகிறாராம்.