மைட் போட்ட மெயில்

திருப்பூரில் பனியன் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். பையருக்கும் ஃபேக்டரிக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்கும் உத்தியோகம். இருபது வருஷமாகத் தினமும் முப்பது, நாற்பது மெயில் இங்கிலீஷில் எழுதுகிறேன். எண்ணிக்கையைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். கொசுவும்தான் தினமும் பாடுகிறது.

பெரிய வார்த்தை எதுவும் என்னைக் கவிழ்த்ததில்லை. 'ரீஇம்பர்ஸ்மென்ட்' தூக்கத்தில்கூடத் தப்பில்லாமல் வரும். கவிழ்த்ததெல்லாம் கேன், குட், மே, மைட், ஷல், ஷுட், வில், வுட், மஸ்ட் என்கிற ஒன்பது பொடிசுகள். நவகிரகம் மாதிரி, ஒன்றின் முகத்தை இன்னொன்று பார்க்காது.

முதல் கண்டம் மஸ்ட். லண்டன் பையர் அம்மணி சரக்கின் தரம் பார்க்க மறுநாள் ஃபேக்டரிக்கு வருவதாக இருந்தது. பீஸ் இன்னும் செக்கிங் டேபிளுக்கே வரவில்லை. கோயமுத்தூர் ஹோட்டலிலிருந்து அவர் வீணாக அலைவானேன் என்ற நல்லெண்ணத்தில் கணக்குப் போட்டேன்: மஸ்ட் என்றால் வேண்டும், ஆகவே மஸ்ட் நாட் என்றால் வேண்டாம். 'யூ மஸ்ட் நாட் கம் டுமாரோ' என்று மெயில் தட்டினேன். தமிழில் 'வர வேண்டாம்' என்பது 'சிரமப்படாதீங்க' என்றும் ஆகும், 'வாசப்படி மிதிக்காதே' என்றும் ஆகும். மீதியைக் குரல் பார்த்துக்கொள்ளும். மஸ்ட் நாட்டுக்கு வாசப்படி அர்த்தம் மட்டும்தான். சிரமப்படாதீங்கவுக்கு 'டோன்ட் ஹேவ் டு' என்று தனியாக ஒன்று இருக்கிறது. மறுநாள் காலை 8 மணிக்கு இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு அம்மணி வந்து இறங்கினார். ஃபயர் எக்ஸிட்டில் ஆரம்பித்து பாத்ரூம் தாழ்ப்பாள் வரை பார்த்தார். ஒளிக்க எங்களிடம் ஒன்றுமில்லை, என் இலக்கணத்தைத் தவிர.

அடுத்தது குட். 'ஐ குட் ஏபிள் டு ஃபினிஷ்' என்று பல வருஷம் எழுதியிருக்கிறேன். ஒன்பதாவது படிக்கும் மகள் ஒரு நாள் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டாள். "குட்லயே முடிஞ்சுது வந்துருச்சுப்பா. அப்புறம் எதுக்கு ஏபிள்? நடு சென்டர்ங்கிற மாதிரி இருக்கு." ஒரு ஆறுதல் உண்டு. குட் என்ற சொல்லை இங்கிலீஷில் எழுதும்போது நடுவில் வருகிற 'எல்' முதலில் அங்கே கிடையாது. வில்லுக்குப் பிறந்த வுட், ஷல்லுக்குப் பிறந்த ஷுட் இரண்டுக்கும் எல் பரம்பரைச் சொத்து. கேனுக்குப் பிறந்த குட், அவற்றைப் பார்த்து ஒட்டவைத்துக்கொண்டது. வெள்ளைக்காரனே பக்கத்து வீட்டைப் பார்த்து எழுதியிருக்கிறான். மகளிடம் இதைச் சொன்னேன். "அதுக்கும் உங்க ஏபிளுக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்றாள்.

ஆனால் என்னை உண்மையாகவே சாய்த்தது மைட். பள்ளிக்கூடத்தில் கேன் என்றால் திறமை, மே என்றால் அனுமதி, மைட் என்றால் 'ஒருவேளை' என்று சொல்லிக்கொடுத்தார்கள். ஒன்பதில் அதுதான் நோஞ்சான் என்று நினைத்திருந்தேன். போலோ டீஷர்ட் சாம்பிள் அனுப்பும் சமயம், அதே பையரிடமிருந்து ஒரு மெயில்: 'யூ மைட் வான்ட் டு லுக் அட் த காலர் அகெய்ன்.' வரிக்கு வரி தமிழாக்கினேன். ஒருவேளை நீங்கள் காலரை மறுபடி பார்க்க விரும்பக்கூடும். நான் விரும்பவில்லை. சாம்பிளை கூரியரில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன்.

காலர் 1 செ.மீ. கூடுதல். சாம்பிள் ரிஜெக்ட். எங்கள் ஜிஎம் மெயிலைப் படித்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "ஏனுங்க, இது 'ஒழுங்கா அளந்து பாருடா'ங்கறதுக்கு அவங்க ஊர்ப் பாசைங்க."

எனக்கு இது தெரியாமல் போனதுதான் கேவலம். பெண் பார்க்க வந்தவர்கள் "கலந்து பேசிட்டுச் சொல்றோம்" என்றால் என்ன அர்த்தம் என்று தெரிந்தவன் நான். சம்பள உயர்வு கேட்டபோது முதலாளி "பார்க்கலாம்" என்றதும், மேலே பேசாமல் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தவன். காலையில் மனைவி "முடிஞ்சா வரும்போது மாவு வாங்கிட்டு வாங்க" என்றால் அந்த 'முடிஞ்சா'வுக்கு என்ன எடை என்று ஒரு ராத்திரி தோசையில்லாமல் படுத்துத் தெரிந்துகொண்டவன். 'லாம்', 'முடிஞ்சா' எல்லாம் நம் வீட்டு மைட்தானே? இங்கிலீஷ் என்றதும் மூளையைக் கழற்றி வைத்துவிட்டு அகராதியை மாட்டிக்கொண்டேன்.

போன மாதம் அந்த அம்மணி, 'வீ குட் பெர்ஹாப்ஸ் லுக் அட் த ப்ரைஸ் அகெய்ன்' என்று எழுதியிருந்தார். இந்தத் தடவை ஏமாறவில்லை. விலையைக் குறை என்கிறார். ஜிஎம்மிடம் ஓடினேன். "நூல் விலைக்கு ஒரு பைசா குறைக்க முடியாதுங்க. ஆனா மூஞ்சியில அடிச்ச மாதிரி எழுதிராதீங்க" என்றார்.

நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 'வீ மைட்' என்று மட்டும் டைப் அடித்து அனுப்பினேன். பார்க்கலாம், அதாவது நடக்காது. இங்கிலீஷ்காரியிடம் இங்கிலீஷ்காரன் மாதிரியே பேசியாகிவிட்டது.

ஐந்தே நிமிஷத்தில் பதில் வந்தது. இருபது வருஷமாக என் மெயிலைப் படிக்கிறவர். நான் எழுதுவதில் உள்ளர்த்தம் எதுவும் இருக்காது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். மிக்க நன்றி, புது விலையை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பவும் என்று எழுதியிருந்தார்.