போட் மெயிலில் படகு இல்லை

எழும்பூரிலிருந்து ராமேசுவரம் போகிற இரவு ரயிலுக்கு எங்கள் ராமநாதபுரம் பக்கத்தில் இன்றைக்கும் போட் மெயில் என்றுதான் பெயர். அந்த போட்டைக் கண்ணால் பார்த்தவர்கள் எல்லாரும் பேரன் பேத்தி எடுத்துவிட்டோம். ரயிலுக்கு எதற்குப் படகின் பெயர் என்று பிள்ளைகள் கேட்டால், கதையை 1914-லிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது.

அந்த வருஷம் பிப்ரவரி 24-ஆம் தேதி பாம்பன் பாலம் திறந்தது. அதுவரை தூத்துக்குடிக்குப் போய்க்கொண்டிருந்த போட் மெயில் தனுஷ்கோடிக்குத் திரும்பியது. சென்னையில் ஏறி தனுஷ்கோடியில் இறங்கினால் கடலோரத்தில் கப்பல் நிற்கும். கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச் என்று கப்பல்களுக்கு எல்லாம் வைஸ்ராய்களின் பெயர். முப்பத்தைந்து கிலோமீட்டர் கடலைத் தாண்டினால் தலைமன்னார். அங்கே இன்னொரு ரயில். விடிந்தால் கொழும்புக் கோட்டை. ரயில், கப்பல், ரயில் மூன்றுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட். கணினி கிடையாது, செயலி கிடையாது. அட்டையில் அச்சடித்த ஒரு டிக்கெட் இரண்டு நாடுகளைக் கோத்து வைத்திருந்தது.

1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் தனுஷ்கோடி போயிற்று. அதற்குப் பிறகு கப்பல் ராமேசுவரத்திலிருந்து புறப்பட்டது. நான் ஏறியது அந்தக் கப்பல்தான். அதற்குள் வைஸ்ராய்கள் மலையேறிவிட்டார்கள். கப்பலின் பெயர் இராமானுஜம்.

அப்பாவுக்குக் கொழும்பு புறக்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு வேலை. பள்ளிக்கூட லீவில் அம்மாவும் அத்தையும் என்னைக் கூட்டிக்கொண்டு போவார்கள். எழுபதுகளின் தொடக்கம். வெளிநாட்டுப் பயணம் என்று யாரும் சொன்னதாக நினைவில்லை. "அப்பாவைப் பாக்கப் போறோம்" என்பார்கள், அவ்வளவுதான். ஒரு தகரப் பெட்டி, ஜமுக்காளத்தில் சுருட்டிய படுக்கை, வாழையிலையில் கட்டிய புளியோதரை, ஆளுக்கொரு எலுமிச்சம்பழம். புளியோதரையைக் கப்பல் புறப்படுமுன் சாப்பிட்டுவிட வேண்டும். எலுமிச்சம்பழம் புறப்பட்ட பிறகு முகர்வதற்கு. இந்த முறை மாறினால் என்ன ஆகும் என்பதை அத்தை ஒவ்வொரு தடவையும் பலகையைப் பிடித்துக்கொண்டு நிரூபித்துக் காட்டுவாள்.

ராமேசுவரத்தில் சுங்கச் சோதனை. பெட்டிகளை வரிசையாகத் திறந்து வைத்துக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருக்க வேண்டும். அதிகாரி ஒருவர் ஒரு குச்சியால் துணிகளைக் கிளறுவார். போகும்போது லேசாகக் கிளறுவார். வரும்போது ஆழமாகக் கிளறுவார். வரும்போதுதானே நைலான் சேலையும் வாசனை சோப்பும் இருக்கும்! அம்மா புதுச் சேலையை இரண்டு முறை கசக்கித் துவைத்துப் பழையதாக்கிக் கொண்டுவருவாள். அப்படியும் ஒரு முறை அந்தக் குச்சி அதை வெளியே இழுத்தது. "இது கட்டுன சேலைங்க" என்றாள் அம்மா. அவர் மோந்து பார்த்து, "சோப்பும் புதுசும்மா" என்றார்.

தலைமன்னாரில் ரயில் நிற்கிற இடத்தைத்தான் சொல்ல வேண்டும். கப்பல் நிற்கிற பாலத்திலேயே ரயில் நிலையம். இறங்கி, குடிவரவு வரிசையில் நின்று, முத்திரை வாங்கி வெளியே வந்தால் எதிரே ரயில். கடைசி ஆள் கடைசி மூட்டையோடு வந்து ஏறும்வரை அது நகராது. கார்டு கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, ஏதோ தன் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தவர்களை எண்ணுவது மாதிரி எங்களை எண்ணிக்கொண்டிருப்பார்.

ஏறியதும் முதலில் கண்ணில் படுவது ரயிலின் அகலம். ராமேசுவரத்துக்கு நாங்கள் வந்தது மீட்டர் கேஜ் வண்டி. எதிர் எதிரே உட்கார்ந்தால் முழங்கால்கள் இடிக்கும். இலங்கையிலோ வெள்ளைக்காரன் போட்டது அகலப் பாதை. "சின்ன ஊருக்குப் பெரிய ரயிலு, பெரிய ஊருக்குச் சின்ன ரயிலு" என்று அத்தை சொன்னதைவிடச் சுருக்கமாக ரயில்வே வரலாற்றை நான் எங்கும் படித்ததில்லை. மதவாச்சி, அனுராதபுரம் எல்லாம் தூக்கத்தில் போகும். காலையில் கோட்டை நிலையத்தில் அப்பா வேட்டி சட்டையோடு நிற்பார்.

திரும்பி வரும்போது கப்பல் வேறு மாதிரி இருக்கும். 1964-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும். தேயிலைத் தோட்டத்து ஜனங்கள். அவர்களில் பலர் அதுவரை இந்தியாவைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் காகிதத்தில் அவர்கள் 'தாயகம் திரும்புவோர்'. அவர்களை மலையிலிருந்து தலைமன்னாருக்குக் கொண்டுவந்த ரயிலை மலையகத்தில் ஒப்பாரிக் கோச்சி என்றார்கள். ராமேசுவரத்தில் இறங்கியதும் அவர்களை மண்டபம் முகாமுக்கு அனுப்புவார்கள். ஒரு பாட்டி அம்மாவிடம், "இங்க குளிருமா ஆயா?" என்று கேட்டாள். தோளில் கம்பளி போர்த்தியிருந்தாள். ராமநாதபுரத்து வெயிலில் அம்மாவுக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை.

எண்பதுகளில் போர் வந்தது, கப்பல் நின்றது. ரயிலின் பெயரை மாற்ற மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

இனி இந்தக் காலம். பெங்களூரில் இருக்கும் மகள் போன் செய்தாள். "அப்பா, சின்ன வயசுல கப்பல்ல போனேன் போனேன்னு சொல்வீங்கள்ல? அம்மாவையும் கூட்டிக்கிட்டு ஒரு குரூஸ் போயிட்டு வாங்க. சென்னையிலிருந்தே இருக்கு. திருகோணமலை, காங்கேசன்துறை எல்லாம் போகுது." டிக்கெட்டும் அவளே எடுத்துவிட்டாள்.

கப்பலில் ஏறினால் ஹோட்டலில் நுழைந்த மாதிரிதான். நீச்சல் குளம், லிப்ட், தியேட்டர். இருபத்து நான்கு மணி நேரமும் எங்காவது ஒரு மூலையில் ஏதாவது சாப்பாடு. கடல் ஜன்னலுக்கு வெளியே இருக்கிறது; பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் கோபித்துக்கொள்வதில்லை. வாந்தி எடுப்பவர்கள்கூட இல்லை. என் வீட்டுக்காரி மட்டும் முன்னெச்சரிக்கையாகக் கொண்டுவந்த எலுமிச்சம்பழத்தைக் கடைசியில் ஒரு சிப்பந்தியிடம் கொடுத்து ஜூஸ் போடச் சொன்னாள்.

பழைய பழக்கத்தில் பக்கத்து மேஜைக்காரரிடம் கேட்டேன்: "எங்க போறீங்க?"

அவர் தோசையிலிருந்து தலை தூக்கினார். "கப்பல்லதான் சார் போறோம்."

அவர் சொன்னது சரி. அன்றைக்குக் கப்பலில் இருந்த ஒவ்வொருவருக்கும் போய்ச் சேர ஓர் இடம் இருந்தது. கப்பல் அதற்கு நடுவே சகித்துக்கொள்ள வேண்டிய மூன்று மணி நேரம். இன்றைக்குக் கப்பல்தான் போய்ச் சேர்கிற இடம். சென்னையில் புறப்பட்டுச் சென்னைக்கே வருவதற்கு இவ்வளவு பணமா என்று அத்தை இருந்தால் கேட்டிருப்பாள்.

காங்கேசன்துறையில் இறக்கி, பஸ்ஸில் ஏற்றி, நல்லூர்க் கோயிலும் யாழ்ப்பாண நூலகமும் காட்டினார்கள். துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே ரயில் நிலையம். போரில் தண்டவாளத்தோடு போனது அந்தப் பாதை. 2014 அக்டோபரில் யாழ்ப்பாணம்வரை வந்து, 2015 ஜனவரியில் காங்கேசன்துறையைத் தொட்டது. போட்டுக் கொடுத்தது இந்திய அரசின் இர்கான் நிறுவனம். நிலையத்தைப் பார்த்ததும் கால் பரபரத்தது. வழிகாட்டியாக வந்த தம்பியிடம் கேட்டேன். சிரித்தார். "ஐயா, அது கொழும்புக்குப் போற பாதை. உங்கட கப்பல் பின்னேரம் வெளிக்கிடும். அதை விட்டிட்டு இதைப் பிடிக்கேலாது."

ஆக, கப்பல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் போய் நின்றது. பயணியை ரயிலுக்கு விடவில்லை.

சென்னைக்குத் திரும்புவதற்கு முந்தின இரவே பெட்டிகளை அறைக்கு வெளியே வைத்துவிடச் சொன்னார்கள். ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு நிறத்தில் அட்டை, எங்களுக்கு ஆரஞ்சு. அதுவரை எதற்குமே அவசரப்படாத கப்பல், இறக்கிவிடுவதில் காட்டிய அவசரம் தனி. இட்லியில் கை வைக்கும்போதே ஆரஞ்சுக்காரர்களை அழைத்துவிட்டது ஒலிபெருக்கி. மாலையில் அடுத்த கூட்டம் ஏற வேண்டுமே.

வாசலுக்கு வெளியே ஆட்டோக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். "ஏர்போர்ட்டா சார்?"

"எக்மோர்."

"எக்மோரா?" என்றவர் குரலில் கொஞ்சம் இரக்கம் இருந்தது. கப்பலில் இறங்கியவன் ரயிலுக்குப் போகிறான் என்றால் ஏதோ பணக் கஷ்டம் என்று நினைத்திருப்பார். ரஜூலா கப்பலில் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போய் வந்தவர்கள் நாகப்பட்டினத்தில் இறங்கி நேரே ரயிலுக்குப் போன காலத்தில் இப்படி யாரும் இரங்கியிருக்க மாட்டார்கள்.

ஆட்டோக்காரர் சொன்ன கட்டணத்தைக் கேட்டதும் இரக்கம் எங்கள் பக்கம் திரும்பியது. கடற்கரை ஸ்டேஷனில் இறக்கிவிட்டால் போதும் என்றோம். அங்கிருந்து கோட்டை, பூங்கா, எழும்பூர். மூன்றாவது ஸ்டேஷன், ஐந்து ரூபாய் டிக்கெட். எதிரே பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா எங்கள் பெட்டியில் தொங்கிய ஆரஞ்சு அட்டையைத் தொட்டுப் பார்த்து, "எந்த ஃபிளைட்டுங்க இது?" என்றார். கப்பல் என்றேன். கூடையைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டார். கேலி செய்கிறேன் என்று நினைத்துவிட்டார் போல.

கப்பல் வந்தது காலையில். எங்கள் ரயில் மாலையில். ஒரு பகல் முழுக்க எழும்பூர் காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருந்தோம். அன்று ரயில் பயணிக்காகக் காத்திருந்தது; இன்று பயணி ரயிலுக்காகக் காத்திருக்கிறான். முன்னேற்றம் எந்தத் திசையில் போயிருக்கிறது என்று யோசிக்க நிறைய நேரம் கிடைத்தது.

ரயிலில் எதிர் பெர்த் இளைஞர் எங்கிருந்து வருகிறோம் என்று கேட்டார். கப்பலிலிருந்து என்றதும், "மெர்ச்சன்ட் நேவியா சார்? ரிட்டயர்டா?" என்று மரியாதையாகக் கேட்டார். மறுக்க மனம் வரவில்லை. பொதுவாகத் தலையசைத்து வைத்தேன்.

பாம்பன் பழைய பாலத்தில் 2022 டிசம்பரிலிருந்து ரயிலை நிறுத்தியிருந்தார்கள். புதுப் பாலம் அப்போது இன்னும் திறந்திருக்கவில்லை. அதனால் போட் மெயில் பாலத்துக்கு இந்தப் பக்கமே நின்றுவிடும். போட் இல்லாமல் நாற்பது வருஷம் ஓடிய ரயில், பாலம் இல்லாமலும் ராமேசுவரம் இல்லாமலும் ஓடிக்கொண்டிருந்தது. பெயர் மட்டும் அசையவில்லை.

புதுப் பாலம் 2025 ஏப்ரல் 6-ல் திறந்துவிட்டது. நடுவில் 72.5 மீட்டர் நீளத் துண்டு ஒன்று, கப்பல் வந்தால் அப்படியே செங்குத்தாக 17 மீட்டர் மேலே போகும். நல்ல வேலைப்பாடு. கப்பலுக்கு வழிவிடும் அந்தப் பாலத்தில் போகிற ரயில்தான் எந்தக் கப்பலையும் போய்ச் சேர்வதில்லை.

அதைவிட வேடிக்கை இன்னொன்று உண்டு. 2007-ல் ராமேசுவரம் பாதையும் அகலப் பாதையாகிவிட்டது. 2015 மார்ச்சில் தலைமன்னாருக்கும் ரயில் திரும்ப வந்தது. அதைப் போட்டதும் இர்கான்தான். இப்போது இரண்டு கரையிலும் ஒரே அகலம், இரண்டையும் போட்டது இந்தியக் கை. முழங்கால் இடித்த காலத்தில் நடுவே கப்பல் இருந்தது. அத்தை குறை சொன்ன அகல வித்தியாசத்தைத் தீர்த்துவிட்டு, கப்பலை விட்டுவிட்டோம்.

அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல நான் தயாராக இல்லை. சுங்கக்காரரின் குச்சியும் கம்பளி போர்த்திய பாட்டியும் நினைவில் இருக்கும்வரை அது முடியாது. இன்றைய கப்பல் வசதியானது, சுத்தமானது, யாரையும் அழவைத்து ஏற்றுவதில்லை. எனக்கு ஏக்கம் கப்பலின் மேல் இல்லை, அந்த ஒற்றை டிக்கெட்டின் மேல்தான். கப்பல்காரர் கப்பலைப் பார்க்கிறார், ரயில்காரர் ரயிலைப் பார்க்கிறார். இரண்டுக்கும் நடுவே பெட்டியோடு நிற்கிறவனைப் பார்க்கும் ஆள்தான் வேலையை விட்டுப் போய்விட்டார்.

கப்பலில் இறங்கி ரயில் ஏறும் ஆசை உங்களுக்கும் இருந்தால், வழி முற்றிலும் அடைபடவில்லை. 2023 அக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி வந்த நாகப்பட்டினம் – காங்கேசன்துறைக் கப்பல் இருக்கிறது. சுமார் நான்கு மணி நேரம். இது சுற்றிக் காட்டித் திரும்பக் கொண்டுவருகிற கப்பல் இல்லை, அக்கரையில் இறக்கிவிடும். ரயில் நிலையம் பக்கத்தில்தான். ஆனால் மழைக்காலத்தில் கப்பலை நிறுத்திவிடுவார்கள், விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். ரயில் நேரத்தையும் நீங்களே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கொடியைச் சுருட்டி வைத்துக்கொண்டு உங்களை எண்ண இப்போது யாரும் நிற்பதில்லை.