வாசலில் மாட்டிய பலகை

கே: அமெரிக்க மருத்துவமனைகள் நர்சிங் தரத்துக்கான ‘மேக்னெட்’ அங்கீகாரம் பெற்றதை வாசலிலேயே எழுதி வைக்கின்றனவே, பலகையைப் பார்த்தால் காய்ச்சல் இறங்கிவிடுமா?
– வாசகி, வேலூர்

ப: பலகையை விடுங்கள். உள்ளே இருக்கும் நர்ஸ் அடுத்த வருடமும் அங்கேயே இருப்பாரா?

1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் கடுமையான நர்ஸ் தட்டுப்பாடு. ஊரெல்லாம் “ஏன் போகிறார்கள்?” என்று புலம்ப, அமெரிக்க நர்சிங் அகாடமி “எங்கே போகாமல் இருக்கிறார்கள்?” என்று தேடியது. 1983இல் 41 மருத்துவமனைகள் தேறின; ‘மேக்னெட்’ அங்கீகாரத்தின் வேர் அங்கேதான். நர்ஸ் சொன்னால் டாக்டர் காது கொடுத்தார். தலைமை நர்ஸுக்கு நிர்வாகத்தில் நாற்காலி இருந்தது. அந்த மருத்துவமனைகளில் முதிய நோயாளிகளின் இறப்பும் குறைவு என்று 1994இல் லிண்டா எய்க்கன் குழுவினர் காட்டினார்கள். எனக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் தெரியவில்லை.

கே: அப்படியானால் சான்றிதழ் வாங்கினால் போதும், சூழல் தானாக மாறிவிடும்?
– வாசகர், தஞ்சாவூர்

ப: கல்யாணப் பத்திரிகை அடித்தால் குடும்பம் நடந்துவிடுமா?

மேக்னெட் 4 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். பிறகு மறுபடி நிரூபிக்க வேண்டும். வார்டு முடிவுகளில் நர்ஸ்களுக்குப் பங்கு தரும் குழுக்கள் உண்மையில் கூடினால் மரியாதை வளர்கிறது. சான்றிதழுக்கான கோப்புகளை நைட் டியூட்டி முடித்தவர் தலையில் கட்டினால் கசப்புதான் வளரும். ஒரு நர்ஸுக்கு எத்தனை நோயாளிகள் என்று மேக்னெட் விதிப்பதும் இல்லை. கலிபோர்னியா அதற்குத் தனிச் சட்டமே போட்டது: பொது வார்டில் 5 பேருக்கு மேல் கூடாது.