தேற்றாங்கொட்டையும் தேறாத கணக்கும்

கலங்கின தண்ணீரைத் தெளியவைக்க மண்பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைப்பார்கள். கொஞ்ச நேரத்தில் சேறு அடியில் படியும், தண்ணீர் மேலே நிற்கும். அந்த மரம் நிறைய நின்ற இடம் என்பதால்தான் தேற்றாத்தீவு என்று பேர் வந்ததாம். பெரியவர்கள் சொல்வது. பேரிலேயே மருந்தை வைத்திருக்கிற ஊருக்கு வருஷம் ஒருமுறை கலங்கல் விமானத்தில் வந்து இறங்குகிறது. கொம்புச்சந்திப் பிள்ளையாருக்குத் திருவிழா என்றால் சிட்னியிலிருந்து என் மச்சான் வந்துவிடுவார்.

இந்த முறை பெட்டி நிறையச் சொக்கலேற், கைபேசி நிறைய அட்டவணை. எந்த நாட்டிலிருந்து வந்தவன் எவ்வளவு உழைக்கிறான், எத்தனை பேருக்குப் பட்டம், எத்தனை பேர் தொழிற்சாலையில். கோயில் வீதி மரநிழலில் கதிரையைப் போட்டு எங்களுக்கு வகுப்பெடுத்தார்.

"பாருங்க மச்சான், மோல்டாக்காரன் எங்களுக்கு ரெண்டு தலைமுறை முந்தி வந்தவன். வெள்ளைத் தோல். வேதக்காரன். இன்னும் லொறி ஓடுறான், சீமெந்து குழைக்கிறான். இந்தியன் நேத்து வந்தவன். டொக்டர், இஞ்சினியர், கொம்பியூட்டர். ஏன் தெரியுமா? ரத்தம் மச்சான், ரத்தம். ஐயாயிரம் வருஷக் கலாசாரம்."

"நீங்க எப்ப மச்சான் இந்தியனாப் போனீங்க?"

"அங்க நம்மளையும் அந்தக் கூட்டத்தோடதானே பாக்கானுகள்" என்றார். பெருமையாகத்தான் சொன்னார். இந்தப் பதிலை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேலை இருக்கிறது.

முதலில் மோல்டாக்காரனைப் பார்ப்போம், பாவம். மத்தியதரைக் கடலில் ஒரு குட்டித் தீவு. பிரித்தானியனின் கடற்படைத் தளம். 1916இல் 214 மோல்டாக்காரர் 'கான்ஜ்' என்ற பிரெஞ்சுக் கப்பலில் அவுஸ்திரேலியாவுக்குப் போனார்கள். மச்சான் வணங்குகிற அதே முடியின் குடிமக்கள். ஆனால் நேரம் சரியில்லை. கட்டாயப் படைச் சேர்ப்புக்கு அங்கே வாக்கெடுப்பு நடந்த காலம். 'நம் பொடியன்களைப் போருக்கு அனுப்பிவிட்டு மலிவுக் கூலிகளை இறக்குகிறார்கள்' என்று அந்த ஊரெல்லாம் கூச்சல். வந்தவர்களைத் திருப்பி அனுப்ப ஒரு காரணம் வேண்டும். காரணம் ஏற்கெனவே சட்டப் புத்தகத்தில் இருந்தது: சொல்வதெழுதல். அதிகாரி ஐம்பது சொல் வாசிப்பார், வந்தவன் பிழையில்லாமல் எழுத வேண்டும். மொழியைத் தெரிவுசெய்வது அதிகாரி. மோல்டாக்காரருக்கு அவர் தெரிவுசெய்தது டச்சு.

214 பேரும் 'பெயில்'. நூமியாவுக்குக் கொண்டுபோய், பிறகு சிட்னித் துறைமுகத்தில் ஒரு பழைய கப்பலில் அடைத்து வைத்து, அதற்குப் பிறகுதான் கரையில் விட்டார்கள்.

1901இல் வந்த சட்டம் அது. 1909க்குப் பிறகு அந்தப் பரீட்சையில் தேறியவர் ஒருவரும் இல்லை. 1934இல் ஏகோன் கிஷ் என்ற எழுத்தாளர் போனார். அவருக்கு ஐரோப்பிய மொழிகள் பல தெரியும் என்பதால் ஸ்கொட்லாந்தின் கேலிக் மொழியில் வைத்தார்கள். 1958இல்தான் அந்தப் பரீட்சையை எடுத்தார்கள். எங்கள் ஊரில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்காமல் விடத் தெரியாத அதிபர்கள், அந்தக் காலத்து அவுஸ்திரேலியாவிடம் பயிற்சி எடுத்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு இரண்டாம் உலகப் போர் முடிந்தது. தொழிற்சாலைக்கு ஆள் தேவைப்பட்டது. உடனே மோல்டாக்காரனின் தோல் வெளுத்துவிட்டது. 1948இல் மோல்டாவோடு ஒப்பந்தம் போட்டு, கப்பல் காசிலும் பங்கு கொடுத்து அழைத்தார்கள். எதற்கு அழைத்தார்கள்? கரும்பு வெட்ட, ரோட்டுப் போட, ஆலையில் நிற்க. டொக்டர் வேண்டும் என்று யாரும் அழைக்கவில்லை. கூலிக்கு என்று கூப்பிட்ட ஆள் கூலி வேலை செய்தான். இதில் ரத்தம் எங்கே வந்தது?

இன்னொன்று. மச்சானின் அட்டவணையில் ஒரு கட்டம் இல்லை: சொந்த வீடு. மோல்டாக்காரர் வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி வீடு வாங்கியவர்கள். சொந்த வீட்டில் இருப்பவர்களின் கணக்கை எடுத்தால் அவர்கள் மிக உயரத்தில் நிற்பார்கள். மேற்குச் சிட்னியில் அவர்கள் வாங்கிக் குடியிருந்த அதே தெருக்களில்தான் இன்று எங்கள் ஆட்கள் கடன் கட்டிக்கொண்டு இருக்கிறார்கள். பட்டத்தால் அளந்தால் இந்தியன் முதலாம் பிள்ளை, வீட்டால் அளந்தால் மோல்டாக்காரன். எந்தக் கோலால் அளப்பது என்பதை முடிவுசெய்தவன், யார் முதலாம் பிள்ளை என்பதையும் முடிவுசெய்துவிட்டான்.

சரி, இந்தியன்? வெள்ளை அவுஸ்திரேலியாக் கொள்கை 1973இல் முற்றாக ஒழியும்வரை அவனுக்கு அங்கே கதவு ஏறக்குறைய அடைப்பு. அதற்குப் பிறகு திறந்த கதவு புள்ளிக் கதவு. வயதுக்குப் புள்ளி, ஆங்கிலத்துக்குப் புள்ளி, பட்டத்துக்குப் புள்ளி, வேலை அனுபவத்துக்குப் புள்ளி. நூற்றுச் சொச்சம் கோடி மக்களிலிருந்து இப்படிச் சலித்து எடுத்தார்கள். 2021 குடிசன மதிப்பீட்டில், வெளிநாட்டில் பிறந்தோரில் இங்கிலாந்துக்கு அடுத்த இடம் இந்தியாவில் பிறந்தவர்களுக்கு, ஆறரை இலட்சத்துக்கும் மேல்.

எங்கள் வயல் வேலை தெரிந்தவனுக்கு இது விளங்கும். சுளகில் போட்டுப் புடைத்து, பதரைத் தள்ளி, விதைநெல்லை மட்டும் சாக்கில் கட்டுகிறான் ஒருவன். இன்னொருவன் வந்து சாக்கை அவிழ்த்துப் பார்த்து, "அடடா, ஒரு பதர் இல்ல. என்ன சாதி நெல்லுகா இது!" என்று மூக்கில் விரல் வைக்கிறான். அவன் பெயர்தான் மச்சான்.

மச்சானுக்குப் பக்கத்துக் கதை சொன்னால் விளங்கும் என்று பறங்கியரை இழுத்தேன். எங்கள் மட்டக்களப்பிலே பறங்கியர் உண்டு. போர்த்துக்கேயக் கலப்பு மொழி பேசி, தச்சும் கொல்லும் இயந்திர வேலையும் செய்து வாழ்ந்தவர்கள். கொழும்பிலே ஒல்லாந்தப் பறங்கியர். அவர்களுக்கு 1908இலேயே சங்கம், வம்சாவழி எழுதிய சஞ்சிகை. 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தபோது அவுஸ்திரேலியா போக நினைத்த பறங்கியனிடம் அந்த நாடு கேட்டது என்ன? முக்கால்வாசி ஐரோப்பிய ரத்தம். பார்க்கவும் ஐரோப்பியனாக இருக்க வேண்டும். முக்காலுக்கு எழுத்துச் சாட்சி வைத்திருந்தவன் மெல்பேர்ண் போனான். சாட்சியும் இல்லாமல், வாவிக்கரை வெயிலில் கறுத்தும் போனவன் மட்டக்களப்பு டச்பாரிலேயே இருந்தான். 2004 ஆழிப்பேரலை அந்த டச்பாரையும் அடித்தது. இப்போது இரண்டு கூட்டத்தின் வருமானத்தையும் ஒப்பிட்டு, "ஒல்லாந்தன் கெட்டிக்காரன், போர்த்துக்கேயன் சோம்பேறி" என்று எழுதுவீர்களா மச்சான்?

மச்சான் எழுதுவார். ஏனென்றால் அடுத்து அவர் சொன்னது இது: "நீங்க என்ன சொன்னாலும் மச்சான், நுவரெலியாப் பக்கம் பாருங்க. இருநூறு வருஷம். இன்னும் லயத்துல. அவனுகள்ற புத்தி அவ்வளவுதான். இந்தியாக்காரன்தானே."

பார்த்தீர்களா? சிட்னியில் இந்தியன் என்றால் 'நாங்கள்'. நுவரெலியாவில் இந்தியன் என்றால் 'அவனுகள்'. சம்பளப் பட்டியலில் உறவு, லயத்து வாசலில் அந்நியம். ஐயாயிரம் வருஷக் கலாசாரம் இராமேஸ்வரத்தில் கப்பல் ஏறும்போது பாதியில் இறங்கிவிட்டதா? அல்லது கங்காணி அதைத் துண்டுக் கணக்கில் பிடித்துக்கொண்டானா?

அதே இந்தியா. அங்கிருந்து இலங்கைக்குச் செட்டியும் வந்தான், போராவும் வந்தான், சிந்தியும் வந்தான். முதலோடு வந்தவன் முதலாளியானான். கடனோடு வந்தவன் கூலியானான். தலைமன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழி நடந்து, வழியில் எத்தனையோ பேரைப் புதைத்துவிட்டு ஏறியவர்கள் அவர்கள். கோப்பி போட்டார்கள், கோப்பி செத்தது. தேயிலை போட்டார்கள், தேயிலை நாட்டைச் சோறு போட்டு வளர்த்தது. கூலி, பத்துக்குப் பன்னிரண்டடி அறை.

1948ஐ மறுபடி பாருங்கள். அவுஸ்திரேலியா மோல்டாக்காரனைக் கப்பல் காசு கொடுத்து அழைத்த அதே ஆண்டு. அதே ஆண்டில் சுதந்திர இலங்கை செய்த முதல் பெரிய காரியம் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம். ஒரே வருஷம், ஒரே முடியின் கீழிருந்த இரண்டு கூலிக் கூட்டம். ஒன்றுக்குக் குடியுரிமைக்குப் போகும் பாதை, மற்றதுக்கு நாடற்றவன் என்ற பட்டம். மலையகத்தானுக்குக் கிடைத்த ஒரே பட்டம் அதுதான், மச்சான். உங்கள் அட்டவணையில் பட்டதாரிக் கட்டத்தில் போடுங்கள்.

1947இல் பாராளுமன்றத்துக்கு ஆள் அனுப்பிய மக்கள் 1952இல் ஒருவரையும் அனுப்பவில்லை. வாக்கு இல்லை. அந்த வேளையில் அரசோடு ஒட்டி நின்ற தமிழ்ப் பெரியவர்களும் உண்டு. செல்வநாயகம் அவர்களை விட்டுப் பிரிந்து 1949இல் தமிழரசுக் கட்சி தொடங்கியதற்கு அதுவும் ஒரு காரணம். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் உட்கார்ந்து ஒன்பதே முக்கால் இலட்சம் உயிரைப் பங்கு போட்டார்கள். 5,25,000 அங்கே, 3,00,000 இங்கே, மிச்சம் 1,50,000 பேரைப் 'பிறகு பார்ப்போம்' என்று ஒதுக்கினார்கள். பத்து வருஷம் கழித்து ஆளுக்கு 75,000. மாட்டுச் சந்தையில்கூட மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள். இங்கே அந்த மரியாதையும் இல்லை. போனவனைத் தமிழ்நாட்டில் 'சிலோன்காரன்' என்றார்கள். இருந்தவனை இங்கே 'கள்ளத்தோணி' என்றார்கள். எஞ்சியவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுத்து முடிக்க 2003 ஆனது. நாளுக்கு ஆயிரம் ரூபாய் என்று வர்த்தமானி வர 2021 ஆனது. காணி உறுதி? லயத்து அறைக்கு உறுதி கேட்டால் இன்றும் கம்பனிக்காரனின் முகத்தைப் பார்க்க வேண்டும். 'இருநூறு வருஷமாய் முன்னேறவில்லை' என்று சொல்கிற வாய்க்கு, அந்த இருநூறில் எத்தனை வருஷம் அவனை மனுஷக் கணக்கில் சேர்த்தார்கள் என்று எண்ணத் தெரியாதா?

கள்ளத்தோணி. அந்தச் சொல்லை நானும் சின்ன வயதில் சிரித்துக்கொண்டு கேட்டிருக்கிறேன். கேட்டுச் சிரித்த இந்தக் கரையிலிருந்துதான் 2012இல் இரவோடு இரவாக வள்ளங்கள் போயின. அந்த ஒரு வருஷத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட இலங்கையர் அவுஸ்திரேலியாவில் கரையேறினார்கள். எங்கள் பக்கத்துப் பொடியன்களும் அதில். கடலில் எங்களுக்கும் ஒரு கள்ளத்தோணி கிடைத்தது. 2013 ஜூலையில் அந்த நாடு, வள்ளத்தில் வருகிற எவனுக்கும் இனி இங்கே குடியிருப்பு இல்லை என்றது. பிறகு அதைத் தமிழிலேயே விளம்பரம் போட்டுச் சொன்னது. டச்சுச் சொல்வதெழுதல் காலம் போய்விட்டது பாருங்கள். இப்போது துரத்துவதற்காவது எங்கள் மொழியில் பேசுகிறார்கள்.

அந்தப் பொடியன்களைப் பற்றி மச்சானிடம் கேட்டேன். முகத்தைச் சுளித்தார். "போட்டில வந்தவனுகள் நம்மட பேரக் கெடுத்துப் போட்டானுகள். பிள்ளைகளும் கம்பஸ் போகுதில்ல."

போகாது, மச்சான். இடைக்கால விசாவில் இருக்கிற பிள்ளை பல்கலைக்கழகம் போனால் வெளிநாட்டு மாணவனின் கட்டணம் கட்ட வேண்டும். கோழி வெட்டுகிற தகப்பன் அதை எங்கே இருந்து கட்டுவான்? வாசலைப் பூட்டிவிட்டு, உள்ளே வரவில்லையே என்று வருத்தப்படுகிறார்கள். இன்னும் இருபது வருஷத்தில் ஒரு புது அட்டவணை வரும். 'படகுத் தமிழர்: கல்வியில் ஆர்வம் குறைவு. காரணம், கலாசாரம்.' அப்போதும் ஒரு மச்சான் அதைத் தூக்கிக்கொண்டு திருவிழாவுக்கு வருவார்.

சிட்னியை மட்டும் திட்டிவிட்டு எழும்பிப் போனால் நானும் பொய்யன். எழுவான்கரைக்காரர் நாங்கள் வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையைப் பற்றிப் பேசுகிற பேச்சு என்ன? "அவங்க அப்பிடித்தான், படிக்க மாட்டானுகள், காட்டுக்குள்ள கிடக்கிறவனுகள்." யானை வருகிற ஊர், ஆசிரியர் மாற்றம் கேட்டு ஓடுகிற ஊர், சுகமில்லாதவனைத் தூக்கிக்கொண்டு வாவி கடக்க வேண்டிய ஊர். வாவி கடக்கிற அந்த மிதவைக்கு எங்கள் பக்கம் 'பாதை' என்று பேர். அவர்களில் பலருக்குப் பக்கத்தில் இருந்த பாதை அதுதான். 2014இல் மண்முனையில் பாலம் திறந்தார்கள். அதற்குப் பிறகு அந்தப் பக்கத்துப் பிள்ளை வெள்ளனப் பள்ளிக்கூடம் போகிறது, அந்தப் பக்கத்து நெல் நல்ல விலைக்குப் போகிறது. பாலம் திறந்த அன்றைக்கு ரத்தம் மாற்றினார்களா மச்சான்?

மச்சான் பேசவில்லை. ஆனால் எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. 83 இனக் கலவரத்துக்குப் பிறகு மனிதாபிமானத் திட்டம் என்று அவுஸ்திரேலியா ஒரு வாசலைத் திறந்தபோது, மச்சானின் தகப்பன் பாதை ஏறிப் படுவான்கரைக்குப் போய் வயலை ஈடு வைத்து வந்தார். மச்சான் பறந்தார். எரிந்த கடைகளும் செத்த மனிதரும் போட்ட புள்ளியில்தான் பறந்தார். அது அவருடைய அட்டவணையில் எந்தக் கட்டத்திலும் இல்லை. அவருக்கு அது திறமை.

மச்சான் வெளிக்கிடுகிற நாளில் அவர் வீட்டுக்குப் போனேன். கையில் நாலு தேற்றாங்கொட்டை. "கொண்டு போங்க மச்சான், ஊர் ஞாபகத்துக்கு."

பாம்பைக் கண்டவர்போல் கையை இழுத்தார். "ஐயோ, ஒண்ணா மச்சான். எயார்போட்டில பறிச்சுக் குப்பைல போட்டுருவானுகள். குற்றக் காசும் அடிப்பானுகள்."

"ஏன், கொட்டை கெட்ட சாதியா?"

"கொட்டையில என்ன பிழை? அவனுகள்ற சட்டம் அப்பிடி. எத உள்ள விடுறது எத விடாதது எண்டு அவனுகள்தானே முடிவெடுக்கிற."

நாலு கொட்டையையும் மடியில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். தண்ணீர் தெளிந்திருந்தது. மச்சானுக்குத்தான் அது தெரியவில்லை.