தாலிக் குண்டுக்குள் ஒரு பூச்சி

தாய்மாமன் சீரில் பட்டு வேட்டி வேண்டாம் என்று மாப்பிள்ளைப் பையனே சொல்லுவான் என்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் எந்தத் தாய்மாமனும் எதிர்பார்த்திருக்க மாட்டான். எனக்கு அது வாய்த்தது.

அக்கா மகன் ஆலத்தூரில் ஒரு மருந்துக் கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை செய்கிறான். அங்கே கேப்சூல் கூடுகள் டிரம் டிரம்மாக வந்து இறங்கும். பெரும்பாலான கேப்சூல் கூடுகள் ஜெலட்டின். ஜெலட்டின் என்பது மாடு முதலான பிராணிகளின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுப்பது. மற்றவர்கள் டிரம்மின் மேலிருக்கும் தேதியைப் பார்த்துவிட்டுப் போனார்கள். இவன் எதிலிருந்து எடுத்தது என்பதையும் படித்தான். கறிக்குழம்பை விட்டான். அக்காவுக்குச் சந்தோஷம், புரட்டாசி கொஞ்சம் நீண்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். பிறகு முட்டை, பால், தேன், தோல் பெல்ட் என்று ஒவ்வொன்றாகப் போயின. தயிரையும் விட்ட அன்று எனக்கு போன் வந்தது. "தம்பி, புள்ளைக்கு இன்னாவோ ஆயிடுச்சு. மந்திரிச்சிட்டு வரலாமா, இல்ல டாக்டர் கிட்ட இட்டுனு போலாமா?"

அவனுக்குத்தான் பெண் அமைந்தது. பெண் வீடு வந்தவாசிப் பக்கம். சம்பந்தி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பால் கூட குடிக்க மாட்டாராமே, உள்ளுக்குள்ள ஏதாவது சீக்கா?" என்று கேட்டார். பிராணிகளிடமிருந்து எதுவும் எடுத்துக்கொள்ளாத வீகன் கொள்கை என்றேன். சீக்கு என்று சொல்லியிருந்தால் அவர் முகம் இவ்வளவு வாடியிருக்காது. சீக்குக்கு மருந்து உண்டே.

முதல் பஞ்சாயத்து பட்டு. ஒரு பட்டுப்புடவைக்கு ஆயிரக்கணக்கான கூடுகள் வேண்டும். ஒவ்வொரு கூட்டிலும் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு அறுபடாத ஒற்றை இழை. பூச்சி கூட்டைத் துளைத்து வெளியே வந்தால் இழை அறுந்துவிடும். அதனால் உள்ளே இருக்கும்போதே ஆவியிலோ கொதிநீரிலோ அதன் கதையை முடித்துவிடுகிறார்கள். எங்கள் மாவட்டமே இந்தக் கொதிநீரின் மேல்தான் நிற்கிறது என்றாலும் தவறில்லை.

ஆனால் இந்த எதிர்ப்பு அக்கா மகன் கண்டுபிடித்ததல்ல. பட்டு வேண்டாம், பூச்சிகள் சாகின்றன என்று அதே காஞ்சிபுரத்தில் இருந்துகொண்டு சொல்லிவந்தவர் காஞ்சி மடத்து மகா பெரியவர். ஊர் பக்தியோடு கேட்டுக்கொண்டது, பட்டு உடுத்திக்கொண்டே போய் அவரைக் கும்பிட்டது. குடியரசுத் தலைவராக இருந்த ஆர். வெங்கட்ராமனின் மனைவி ஜானகி வெங்கட்ராமன் பூச்சியைக் கொல்லாமல் பட்டு கிடைக்குமா என்று கேட்டதும், ஐதராபாத்தில் கைத்தறித் துறையில் இருந்த குசுமா ராஜய்யா அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு 1990களில் அகிம்சைப் பட்டை உருவாக்கியதும் தெரிந்த கதைதான். பூச்சி வெளியேறிய பின் மிச்சமிருக்கும் கூட்டைப் பஞ்சுபோல் நூற்பது. பளபளப்பு குறைவு, விலை கூடுதல்.

அகிம்சைப் பட்டு வாங்கித் தருகிறேன் என்றேன். "வெளியே வர்ற பூச்சியால பறக்க முடியாது மாமா. அதுக்குச் சாப்பிடவும் தெரியாது. பறக்காம ஆனது மனுஷன் வளர்த்து வளர்த்துத்தான். முட்டை போட்டுட்டு சில நாள்ல செத்துடும்," என்றான். கல்யாணத்துக்குத் தயாராகிற பையன் பேசுகிற பேச்சா இது?

சரி, பருத்தி வேட்டி, கரையில் மட்டும் ஜரிகை என்று இறங்கி வந்தேன். கடைக்காரர் பெருமையாகச் சொன்னார்: "அசல் ஜரிகைங்க. உள்ளே பட்டு நூல், அதுமேல வெள்ளிக் கம்பி, அதுமேல தங்க முலாம்." அக்கா மகன் என்னைப் பார்த்தான். கடையில் அவன் கொள்கைக்கு ஒத்துவந்தது பாலியஸ்டர் நூல் வைத்த டூப்ளிகேட் ஜரிகை ஒன்றுதான். அதன் விலையைக் கேட்டபோது வீகன் கொள்கையின் மேல் எனக்கு முதன்முறையாக மரியாதை வந்தது.

அடுத்து சமையல் மாஸ்டர். "சைவம்தானே? ஜமாய்ச்சிடலாம்," என்று ஆரம்பித்தவர், நெய் கூடாது, பால் கூடாது, தயிர் கூடாது என்று கேட்கக் கேட்கக் குறிப்பு நோட்டை மெல்ல மூடினார். "அப்ப பந்தியில தண்ணியும் உப்பும்தான் தேறும்." தேங்காய்ப் பால் பாயசம், கடலை எண்ணெய் ஜாங்கிரி, புளியோதரை என்று எழுதவைத்தோம். முந்திரி கத்லி மேல் வெள்ளித்தாள் ஒட்டலாமா என்று கேட்டார். வெள்ளியை மாட்டுக் குடல் தாள்களுக்கு நடுவே வைத்துத் தட்டித் தட்டித்தான் மெல்லிசாக்கிவந்தார்கள் என்பதையும், 2016இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்த முறைக்குத் தடை போட்டதையும் பையன் விளக்கினான். மாஸ்டர் காலமெல்லாம் சுத்த சைவ மண்டபங்களில் கத்லி போட்டவர். கொஞ்ச நேரம் பேசவில்லை.

சர்க்கரையில் மட்டும் நல்ல செய்தி. அமெரிக்காவில் சில சுத்திகரிப்பு ஆலைகள் மாட்டெலும்புக் கரியில் வடிகட்டித்தான் சர்க்கரையை வெளுப்பாக்குகின்றன. நம்மூர் ஆலைகள் பெரும்பாலும் கந்தகப் புகையால் வெளுக்கின்றன. படாளம் ஆலைக்குக் கரும்பு அனுப்பிய குடும்பம் என்பதால் எனக்கு ஒரே பெருமை. "கந்தகமா? அது உடம்புக்கு ஆவுமா?" என்றார் மாஸ்டர். "உயிர் போகல இல்ல, அதுபோதும்," என்றான் பையன். யாருடைய உயிர் என்று மாஸ்டர் கேட்கவில்லை.

இந்த இடத்தில் பச்சைப் புள்ளியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருந்தால் நிம்மதியாக வாங்குகிற ஜாதி நாம். சட்டத்தைப் படித்தால் நிம்மதி போய்விடும். அசைவம் எது என்று வரையறுக்கிற விதியில், பூச்சியும் அசைவம் என்று எழுதிவிட்டு, பாலும் தேனும் தேன்மெழுகும் கொம்பரக்கும் அதில் சேராது என்று விலக்கும் கொடுத்திருக்கிறார்கள். கொம்பரக்கு என்பது மரக்கிளையில் ஒட்டிவாழும் அரக்குப் பூச்சி சுரக்கிற பிசின். அதைச் சுரண்டி எடுக்கும்போது பூச்சியும் சேர்ந்தே வரும். மாத்திரைக்கும் மிட்டாய்க்கும் பளபளப்பு கொடுக்கிற மேல்பூச்சில் அதற்கு இடமுண்டு. ஆக, பூச்சி அசைவம், பூச்சியின் பிசின் சைவம். வீகன் உணவுக்கென்று 2022இல் தனி விதிமுறையும், V எழுத்தின் மேல் குருத்து முளைத்ததுபோல் ஒரு தனி முத்திரையும் வந்திருக்கின்றன. உத்திரமேரூர் மளிகைக் கடைகளில் அந்த முத்திரையைத் தேடிய பையனை, லாட்டரிச் சீட்டு கேட்டவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

என்ன பைத்தியக்காரத்தனம் என்று பெரியப்பா கத்தினார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு பொருளுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்பது இந்தப் பக்கத்து வழக்கம்தான். வேலூர்க் கோட்டையில் 1806 ஜூலை 10 அன்று சிப்பாய்கள் எழுந்தார்களே, எதற்கு? மற்ற காரணங்களோடு, புதிய தலைப்பாகையில் செருகிய தோல் குஞ்சமும் ஒரு காரணம். பசுத்தோலா, பன்றித்தோலா என்று வெள்ளைக்காரன் லேபிள் ஒட்டவில்லை. எங்கள் ஊர் உத்திரமேரூரையே எடுத்துக்கொள்ளுங்கள். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள், ஊர்ச் சபைத் தேர்தல் குடவோலையில் பெயர் எழுதத் தகுதியில்லாதவர்கள் யார் யார் என்று அடுக்குகின்றன. தின்னத் தகாததைத் தின்றவன், பிராயச்சித்தம் செய்து சுத்தமானாலும், சாகும்வரை வாரியத்துக்கு வர முடியாது. உலகமே வியக்கும் ஜனநாயகத்தில் சாப்பாட்டுத் தணிக்கையும் இருந்தது.

ஆனால் சிப்பாயும் சரி, சபையும் சரி, பயந்தது தங்கள் தீட்டுக்கு. மாட்டுக்கு என்ன ஆயிற்று என்பது அவர்கள் கேள்வி இல்லை. அக்கா மகன் தன் சுத்தத்தைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை. எதிர் இலையில் யாராவது தயிர் ஊற்றிக்கொண்டால் அவன் முகம் சுளிக்கமாட்டான். தெருவில் முட்டை வாசனை வந்தால் ஜன்னலைச் சாத்துகிற சுத்த சைவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு ஒப்பிட்டால் இவன் எவ்வளவோ மேல். தொந்தரவெல்லாம் பொருள்களிடம்தான், மனிதர்களிடம் இல்லை.

பொருள்களிடம் தொந்தரவு கொஞ்சநஞ்சமில்லை. வெற்றிலைக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பு ஆகாது. கிளிஞ்சல் ஒரு பிராணியின் வீடு. கல் சுண்ணாம்பு வாங்கலாம் என்றான். சுண்ணாம்புக்கல்லே கடல் பிராணிகளின் ஓடு படிந்து இறுகியதுதான், அரியலூர்ப் பக்கம் போனால் கல்லுக்குள் கிளிஞ்சலாகவே பார்க்கலாம் என்று பூகோளம் நடத்திய என் நண்பர் எடுத்துக்கொடுத்தார். "அது கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி தானா செத்தது மாமா," என்று தள்ளுபடி செய்தான். மேளக்காரர்களிடமும் பேசினோம். நாதஸ்வரம் மரம், சீவாளி நாணல், தேறியது. தவிலுக்கு இரண்டு பக்கமும் தோல். "தோல் இல்லாம தவில் வேணும்னா பிளாஸ்டிக் பக்கெட்டைத்தான் தட்டணும் தம்பி," என்றார் தவில்காரர். தனி நாதஸ்வரம் என்று முடிவாயிற்று. கெட்டிமேளம் என்று சொல்லும் இடத்தில் என்ன செய்வது என்பதை இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறோம்.

ஓமத்துக்கு நெய். புரோகிதர் இதில் விட்டுக்கொடுக்கவில்லை, கொடுக்கவும் முடியாது. தீக்குச்சி மருந்தை ஒட்டவைப்பதும் பெரும்பாலும் வஜ்ஜிரம்தான், அதாவது தோலும் எலும்பும் காய்ச்சிய பசை. தச்சர்களுக்கு நன்றாகத் தெரியும். அக்கினியைக் கொளுத்துவதே சிக்கல், வளர்ப்பது அதைவிடச் சிக்கல். அப்போதுதான் எனக்கு அண்ணா ஞாபகம் வந்தது. எங்கள் அப்பா அவர் பேச்சைக் கேட்க உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரத்துக்குச் சைக்கிள் மிதித்தவர். அண்ணா 1967இல் முதலமைச்சரானதும் கொண்டுவந்த சுயமரியாதைத் திருமணச் சட்டப்படி, உற்றார் முன்னிலையில் மாலை மாற்றினாலே போதும், அல்லது மோதிரம், அல்லது தாலி. நெய் வேண்டாம், தீ வேண்டாம். மாலை வாழை நாரில் கட்டியது. புரோகிதர் வேண்டாம் என்பதற்காகப் போட்ட சட்டம் பசுவுக்கும் பயன்படும் என்று காஞ்சிபுரத்துக்காரர் அண்ணாவே நினைத்திருக்க மாட்டார்.

தாலி வேண்டும் என்பதில் மட்டும் அக்கா பிடிவாதம். பொன்னுருக்கப் பத்தரிடம் போனோம். தங்கத்தில் என்ன பிராணி இருக்கப்போகிறது என்று நான் நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன். பவளம் வேண்டாம், அது கடல் உயிர் என்றான், போகட்டும். பத்தர் தாலிக் குண்டைக் காட்டி, உருட்டி, "உள்ளே அரக்கு ரொப்பியிருக்கோம், அதான் நசுங்காது," என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. அதே பூச்சி! தலைமுறை தலைமுறையாகச் சுமங்கலிகள் கழுத்தில் ஒரு பூச்சியின் பிசினையும் சேர்த்தே சுமந்திருக்கிறார்கள். அரக்கு இல்லாமல் கெட்டிக் குண்டாகச் செய்யலாமா என்று பையன் கேட்டான். தாராளமாகச் செய்யலாம் என்றார் பத்தர். தங்கம் விற்கிற விலையில் கெட்டிக் குண்டு என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். டூப்ளிகேட் ஜரிகையில் மிச்சம் பிடித்ததெல்லாம் அங்கே போயிற்று.

ஒன்றைச் சொல்ல வேண்டும். இவ்வளவு கறாரான பையன் அக்கா சாப்பிடும் மருந்துக் கேப்சூலை மட்டும் ஒருநாளும் நிறுத்தச் சொன்னதில்லை. வேளைக்கு எடுத்துக்கொடுப்பதே அவன்தான். கேட்டதற்கு, 1944இல் இங்கிலாந்தில் தொடங்கிய வீகன் சங்கமே, முடிந்தவரை, நடைமுறைக்கு ஒத்தவரை என்றுதான் கொள்கையை எழுதிவைத்திருக்கிறது என்றான். அந்த 'முடிந்தவரை' வேட்டிக்கும் குண்டுக்கும் ஏன் பொருந்தவில்லை என்று மாமன் கேட்கக் கூடாதா? கேட்டேன். "அதெல்லாம் முடியுமே மாமா," என்றான்.

பட்டுக்குத் தீர்ப்புச் சொன்னவள் பெண்தான். அம்மாவின் கூரைப்புடவையைத்தான் கட்டுவாளாம். "அந்தப் பூச்சியெல்லாம் நான் பொறக்கறதுக்கு முன்னாடியே செத்துப்போச்சு. பீரோவுல வெச்சா பொழைச்சிக்குமா?" என்றாள். பையன் பதில் சொல்லவில்லை. குடும்பம் நடத்தத் தெரிந்தவள் என்று அக்கா எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அவன் ஜெயித்துவிட்டான் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் லேபிளில் எல்லாம் எழுதவேண்டும் என்று அவன் கேட்பது நியாயம். நூடுல்ஸ், சிப்ஸில் இ631 என்று குறியீடு போடுகிறார்களே, அது செடியிலிருந்தும் எடுக்கலாம், மீனிலிருந்தும் பன்றியிலிருந்தும் எடுக்கலாம். எண்ணைப் பார்த்து எதுவும் தெரியாது. ஒவ்வொரு பொருளும் செடியா, பிராணியா, சோதனைச்சாலையா என்று மூலத்தைச் சொல்லவேண்டும் என 2021 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதையாவது கம்பெனிகள் ஒழுங்காகச் செய்தால் அக்கா மகனைப் போன்றவர்களுக்கு வேலை குறையும், என்னைப் போன்ற மாமன்களுக்கு அலைச்சல் குறையும்.

கல்யாணத்துக்கு எல்லாரும் வரவேண்டும். பட்டு கட்டிக்கொண்டு வரலாம், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். பந்தியில் மோர் இருக்காது. மண்டபத்துக்கு எதிரிலேயே டீக்கடை இருக்கிறது. மோரோ, பால் காபியோ குடித்துவிட்டு என் பேரில் கணக்கு எழுதச் சொல்லுங்கள். பையனிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.