நேரலையைத் தவறவிடுவது எப்படி? ஓசூர்க்காரர்களுக்கான முழுப் பயிற்சி

வாழ்த்துகள். பாதிப் பயிற்சியை நீங்கள் ஏற்கெனவே முடித்துவிட்டீர்கள். ஓசூரிலோ சூளகிரியிலோ குடியிருக்கிறீர்கள். சிப்காட்டில் ஷிப்ட் வேலை. வீட்டில் கேபிள், கையில் போன், மொட்டை மாடியில் பழைய வாடகைக்காரர் விட்டுப்போன டிஷ். இவ்வளவும் இருந்தும் போன சீசனில் ஒரு தமிழ் தலைவாஸ் கபடி ஆட்டத்தைக்கூட முதல் ரெய்டிலிருந்து கடைசி விசில்வரை பார்க்கவில்லை. திறமை பிறவியிலேயே இருக்கிறது. முறைதான் வேண்டும்.

1. எல்லாவற்றையும் வாங்குங்கள்.

வேண்டிய சேனலை மட்டும் தனியாக எடுத்துக்கொள்ளலாம் என்று 2019 பிப்ரவரியிலேயே ட்ராய் வழி செய்துவிட்டது. அந்தத் தவறைச் செய்யாதீர்கள். கேபிள்காரரிடம், "எல்லாம் வர்ற மாதிரி போட்டு விடுங்கண்ணா" என்று சொல்லுங்கள். அவரும் போட்டு விடுவார். நான்கு மொழி பக்திச் சேனல்கள் வரும், நகைக்கடை விளம்பரம் மட்டுமே ஓடும் சேனல்கள் வரும், உங்களுக்கு வேண்டிய ஒரு ஸ்போர்ட்ஸ் சேனல் மட்டும் வராது. அதற்காக ஆப் வாங்குங்கள். வாங்கும்போது ஆக மலிவான பிளானையே எடுங்கள். அது போனில் மட்டும்தான் ஓடும், டிவியில் ஓடாது என்பதை ஆட்டம் தொடங்கிய பிறகே கண்டுபிடியுங்கள். பிறகு டேட்டா தீரும். டேட்டாவும் வாங்குங்கள். ஒரே ஆட்டத்துக்கு மூன்று இடத்தில் பணம் கட்டியவரைத்தான் இந்தப் பயிற்சி ரசிகர் என்று ஒப்புக்கொள்ளும்.

ஜியோசினிமாவும் ஹாட்ஸ்டாரும் 2025 பிப்ரவரியில் ஒரே ஆப் ஆகிவிட்டன. பழைய இரண்டின் பாஸ்வேர்டையும் மனப்பாடமாக வைத்திருங்கள். புதியதன் பாஸ்வேர்டை மைத்துனரிடம் விட்டுவிடுங்கள்.

2. தொகையைப் பேசுங்கள், ஆட்டத்தைப் பேசாதீர்கள்.

2023 முதல் 2027 வரை ஐந்து ஆண்டு ஐபிஎல் உரிமை 48,390 கோடி ரூபாய். அதில் இந்திய டிவிக்கு 23,575 கோடி, இந்திய டிஜிட்டலுக்கு 23,758 கோடி. டீக்கடையில் இந்த எண்களைச் சொல்லும்போது, நீங்களே ஏலத்தில் கையைத் தூக்கி எடுத்ததுபோல நெஞ்சு நிமிர வேண்டும். ஒருவகையில் நீங்கள்தான் எடுத்தீர்கள். ரீசார்ஜ் செய்யும்போது உங்கள் பங்கு தெரியும்.

கபடிக் கணக்கு இன்னும் சுவையானது, நிதானமாகச் சொல்லுங்கள். ப்ரோ கபடி 2014 ஜூலை 26 அன்று தொடங்கியது. நடத்துவது மஷால் ஸ்போர்ட்ஸ். 2015இல் அதன் 74 சதவீதப் பங்கை ஸ்டார் இந்தியா வாங்கியது. 2021இல் ஐந்து சீசன் ஒளிபரப்பு உரிமையை மஷால் ஏலம் விட்டது. சுமார் 908 கோடிக்கு எடுத்தது யார்? ஸ்டார் இந்தியா. தன் வீட்டுக் கல்யாணத்தில் தானே மொய் எழுதி, தானே ரசீதும் வாங்கிக்கொண்ட கதை. இதைக் கேட்டு யாராவது, "அப்போ விலையை யாரு சார் முடிவு பண்றது?" என்று கேட்டால், டீ ஆறுகிறது என்று சொல்லிப் பேச்சை மாற்றுங்கள்.

3. பி ஷிப்ட் கேட்டு வாங்குங்கள்.

மதியம் 2 மணிக்கு உள்ளே, இரவு 10 மணிக்கு வெளியே. ஆட்டங்கள் 8 மணிக்கும் 9 மணிக்கும். இதைவிடப் பொருத்தமான ஜாதகம் அமையாது.

கேட்டில் செக்யூரிட்டி உங்கள் போன் கேமராவின்மேல் ஸ்டிக்கர் ஒட்டுவார். லைனில் போனை எடுக்கவே கூடாது. மிச்சம் இருப்பது கேன்டீன் டிவி. அது கூரையை ஒட்டி, கழுத்து வலிக்கும் உயரத்தில் இருக்கிறது. ரிமோட் எச்.ஆர். அலமாரியில். திரையில் ஒருவர் ஹெல்மெட் போடுகிறார், கழற்றுகிறார், மறுபடி போடுகிறார். பாதுகாப்புப் படம் நாள் முழுக்கச் சுற்றிச் சுற்றி ஓடுகிறது. கையில் தட்டோடு ரச வரிசையில் நின்று அதைப் பாருங்கள். ஆட்டத்தின் ஒரு பாதி 20 நிமிடம். சாப்பாட்டு இடைவேளையும் ஏறத்தாழ அவ்வளவுதான். அது எப்படிப் போகிறது என்பதை நீங்கள் அறிவீர்கள்.

மனம் தளர்ந்தால் வரலாறு படியுங்கள். கபடிக்குத் தூரத்து உறவான ரக்பி லீக் பிறந்ததே ஷிப்ட் தகராறில்தான். வட இங்கிலாந்தில் மில்லிலும் சுரங்கத்திலும் வேலை பார்த்தவர்கள் சனிக்கிழமை ஆடப் போனால் கூலி போகும். அந்தக் கூலியை ஈடுகட்டக் கூடாது என்றார்கள் ரக்பியின் பெரிய மனிதர்கள். 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டு ஊரின் ஜார்ஜ் ஹோட்டலில் வடக்கத்திக் கிளப்புகள் கூடி, "உங்கள் சங்காத்தமே வேண்டாம்" என்று பிரிந்தன. சரியாக நூறு ஆண்டு கழித்து, 1995இல், டிவி முதலாளி ரூபர்ட் மர்டாக் 8.7 கோடி பவுண்டோடு வந்தார். (நம் ஸ்டாரும் அப்போது அவருடையதுதான், கபடியை வாங்கியபோதும்.) குளிர்கால ஆட்டம் 1996 முதல் கோடைக்கு மாறியது. காசில்ஃபோர்டு, வேக்ஃபீல்டு, ஃபெதர்ஸ்டோன் என்ற மூன்று ஊர்க் கிளப்புகளை ஒன்றாகப் பிசைந்து கால்டர் என்று பெயர் வைக்கவும் பார்த்தார்கள். ஜனம் தெருவில் இறங்கியதும் இணைப்பு கைவிடப்பட்டது. கோடை மட்டும் நிலைத்துவிட்டது.

டிவிக்காக ஒரு ஆட்டம் பருவத்தையே மாற்றிக்கொண்டது. நீங்கள் ஒரு ஷிப்டை மாற்றக் கூடாதா? சூப்பர்வைசரிடம் கேளுங்கள். அவர் சிரிப்பார். அதுவும் பயிற்சியில் அடக்கம்.

4. தூர்தர்ஷனை நம்புங்கள்.

தேசிய முக்கியத்துவம் வாய்ந்த போட்டிகளின் சிக்னலைப் பிரசார் பாரதியோடு பகிர வேண்டும் என்று 2007இலேயே சட்டம் வந்தது. அதை மட்டும் படியுங்கள். பகிர்ந்த சிக்னல் தூர்தர்ஷனின் சொந்த ஒளிபரப்பிலும் ஃப்ரீ டிஷ்ஷிலும்தான் வரலாம், தனியார் கேபிளில் வரக் கூடாது என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னதைப் படிக்காதீர்கள். இந்தியா ஆடும் நாளில் கேபிளில் டிடியைத் தேடித் தேடி விரல் தேயட்டும். ஐபிஎல்லும் ப்ரோ கபடியும் அந்தப் பட்டியலிலேயே இல்லை. இருந்தாலும் தேடுங்கள்.

5. அணியைத் தேர்ந்தெடுக்கவே தேர்ந்தெடுக்காதீர்கள்.

தமிழ் தலைவாஸின் ஊர் சென்னை, 300 கிலோமீட்டர். பெங்களூரு புல்ஸின் ஊர் அத்திப்பள்ளி தாண்டினால் வந்துவிடும். ரேஷன் கார்டு ஒரு பக்கம் இழுக்கும், பஸ் பாஸ் மறுபக்கம் இழுக்கும். இரண்டும் மோதும் நாளில் என்ன செய்வது? பவன் செராவத்தைப் பின்தொடருங்கள். பெங்களூருவுக்காக ஆடி, 2019 ஜனவரி 5 அன்று குஜராத்துக்கு எதிரான இறுதியாட்டத்தில் தனியாளாக 22 புள்ளி எடுத்துக் கோப்பை வாங்கிக் கொடுத்தார். 2022இல் 2.26 கோடிக்குத் தமிழ் தலைவாஸுக்கு வந்து, முதல் ஆட்டத்திலேயே காயம்பட்டார். அடுத்த ஆண்டு 2.605 கோடிக்குத் தெலுகு டைட்டன்ஸ். 2025இல் மறுபடியும் தலைவாஸ். கன்னடம், தமிழ், தெலுங்கு, திரும்பவும் தமிழ். டெல்லிப் பக்கத்து மனிதருக்கு ஓசூரில் வீட்டு வரி ரசீதே கொடுத்துவிடலாம்.

இன்னொரு யுக்தி. 2021 டிசம்பரில் தொடங்கிய எட்டாவது சீசன் முழுவதும் பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் ஒரு நட்சத்திர ஹோட்டலுக்குள்ளேயே நடந்தது. பாகலூர் ரோட்டு டிரைவர்கள் தினம் சவாரி போய்வரும் தூரம். கொரோனா என்பதால் பார்வையாளருக்கு அனுமதி இல்லை. அந்த ஒரு சீசனை மட்டும், "பக்கத்துலதான் நடந்துச்சு, நேர்ல போயிருக்கலாம்" என்று ஆயுள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருங்கள்.

6. யாருக்கும் புரியாத மொழியில் பாருங்கள்.

மத்திகிரிப் பக்கம் ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரர் தெலுங்கு, அவர் மனைவி ஆனேக்கல் கன்னடம், வாடகைக்கு இருக்கும் நீங்கள் திருநெல்வேலி, மாடி அறையில் ஆறு ஒடியாப் பையன்கள். ஒரே டிவி. கமென்டரி பல மொழிகளில் உண்டு. ஆளுக்கு ஐந்து நிமிடம் என்று முறை வையுங்கள்; மொழி மாற்றும் மெனு திறந்து மூடும் நேரத்தில் ஒரு ஆல் அவுட் முடிந்திருக்கும். இதுவும் போதவில்லையென்றால் ஆங்கிலத்தை வையுங்கள். அப்போதுதான் எல்லோரும் சமம்.

கமென்டரியை அணைத்துவிட்டால் ஆட்டம் கண்ணுக்கே புரியும். அதனால் அணைக்காதீர்கள்.

7. ஒரு ரெய்டு பின்தங்குங்கள்.

ரெய்டுக்கு 30 விநாடி. இரண்டு ரெய்டு வெறும் கையோடு திரும்பினால் மூன்றாவதில் செய் அல்லது செத்து மடி. டிவி பார்ப்பவருக்குக் கொட்டாவி வரக் கூடாது என்றே சீவிச் சீவி எடுத்த விதிகள். போனில் வரும் நேரலையோ கேபிளைவிட அரை நிமிடம்வரை பிந்தும். அதாவது, பக்கத்து அறையில் ரெய்டு முடிந்தபிறகு உங்கள் ரெய்டர் கோட்டைத் தொடுவார்.

இதை வீணாக்காதீர்கள். கேபிள் இருக்கும் மெஸ்ஸுக்கும் வைஃபை இருக்கும் அறைக்கும் நடுவே, சுவரோரம் கட்டிலைப் போடுங்கள். முதலில் மெஸ்ஸிலிருந்து "அய்யோ" கேட்கும். பிறகு உங்கள் திரையில் நம் ஆள் நம்பிக்கையோடு உள்ளே போவார். அவருக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே, "போடா, இன்னும் உள்ள போடா" என்று கத்துங்கள். கூடவே ஸ்கோர் நோட்டிஃபிகேஷனையும் ஆன் செய்து வையுங்கள். மெஸ்ஸில் யாரும் இல்லாத நாளில் அது கைகொடுக்கும்.

8. நடந்ததே தெரியாமல் இருங்கள்.

இது மேல்நிலைப் பயிற்சி. 2025 ஜூனில் ரக்பி பிரீமியர் லீக் முதல் சீசன் நடந்தது, அணிக்கு ஏழு பேர் ஆடும் ரக்பி. ஆறு அணிகள். எல்லா ஆட்டமும் மும்பை அந்தேரியில். சென்னை புல்ஸ் இறுதியாட்டத்தில் டெல்லி ரெட்ஸை 41-0 என்று நசுக்கிக் கோப்பையைத் தூக்கியது. டிவியிலும் வந்தது, ஆப்பிலும் வந்தது. நீங்கள் கவனிக்கவில்லை. அருமை. கபடியில் பெங்களூருக்காரன் புல்ஸ், ரக்பியில் சென்னைக்காரன் புல்ஸ். உண்மையான காளையை அவிழ்த்துவிடும் மாவட்டத்துக்கு ஒரு அணியும் கிடையாது. எருது விடும் விழாவுக்கு அனுமதி தாமதமானதற்காக 2023 பிப்ரவரியில் கோபசந்திரத்தில் தேசிய நெடுஞ்சாலையையே மறித்த ஊர் இது. அந்த விழாவின் ஒளிபரப்பு உரிமையை யாரும் ஏலம் கேட்கவில்லை.

பெண்கள் ஆட்டத்தைத் தவறவிட உங்களுக்குச் சிரமமே இருக்காது. அதற்கு வேண்டியதை மற்றவர்கள் செய்துவிட்டார்கள். 2016இல் ஆண்கள் சீசனுக்கு நடுவே மூன்றே அணிகளோடு ஒரு பெண்கள் கபடித் தொடர் காட்டினார்கள். அதோடு சரி. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் போட்டியில் இந்தியப் பெண்கள் தங்கம் வென்றார்கள். துணைக் கேப்டன் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா. ஆட்டத்தை விட்டுவிடுங்கள். ஊர் திரும்பியதும் மாலை விழுவதை ரீல்ஸில் பாருங்கள்.

9. கடைசியாக, நீங்களே ஒளிபரப்புங்கள்.

தேன்கனிக்கோட்டைப் பக்கத்து ஊர்த் திருவிழாவில் இரவுக் கபடி என்று போஸ்டர் பார்ப்பீர்கள். நுழைவுக் கட்டணம் இல்லை, பாஸ்வேர்டு இல்லை, பிந்தி வருவதும் இல்லை. ஆபத்தான சூழல். இரண்டு கையாலும் போனைத் தலைக்குமேல் பிடித்துப் பின்னால் இருப்பவருக்கு மறையுங்கள். யூடியூபில் நேரலை போடுங்கள். போனை நெட்டுக்குத்தாகவே பிடியுங்கள். களம் குறுக்கே இருப்பதால் ஒரே நேரத்தில் ஒரு அணியைத்தான் காட்ட முடியும். ஸ்பான்சருக்கு உரக்கடைக்காரரையும் மனைப் புரோக்கரையும் பிடியுங்கள்.

முக்கியமாக, மைக் செட்காரரிடம் புதுப் படப் பாட்டைச் சத்தமாகப் போடச் சொல்லுங்கள். விடிவதற்குள் பாட்டுக்கம்பெனியின் காப்புரிமைப் புகார் வந்து வீடியோவில் சத்தம் போய்விடும். ரெய்டர் போகிறார், வாய் அசைகிறது, மூச்சுவிடாமல் என்னவோ சொல்கிறார், ஒன்றும் கேட்கவில்லை. கமென்ட்டில் யாராவது "ஆடியோ வரல ப்ரோ" என்பார்கள். "ஹெட்செட் போட்டுப் பாருங்க ப்ரோ" என்று பதில் போடுங்கள்.